என்னையா, தண்டையா?

1

வாங்க, கிட்ட வந்து உட்காருங்க. குளிர் உள்ளே வராமல் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வாங்க. இன்றைக்கு ஒரு கதை உண்டு. நல்ல கதை என்று வாக்குக் கொடுக்கிறேன். முழுக் கதை என்று மட்டும் வாக்குக் கேட்காதீர்கள்.

இது எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் வடக்கே அகிதா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே, பனி உருகி முடிந்த மே மாதத்தில், மலைக்காய்கறிக் கடை ஒன்று போடுவார்கள். ரத்த அழுத்த மாத்திரை வாங்கிக்கொண்டு அந்தக் கடையருகே பேருந்துக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மாள், பக்கத்தில் வலது கை மடங்கிப்போன அவள் கணவர். இருவருடைய முதுகைத்தான் பார்த்தேன். அந்த அம்மாள் சட்டென்று கணவரின் சட்டைக்கையைப் பிடித்து உலுக்கிக் கேட்டாள்:

"இப்ப நீங்க சொன்னது என்னையா, தண்டையா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பேருந்து வந்தது. ஏறிவிட்டேன். ஏறியிருக்கவே கூடாது. அன்றிலிருந்து அந்தக் கேள்விக்கு முன்னால் என்ன நடந்திருக்கும், பின்னால் என்ன நடந்திருக்கும் என்று எழுதி எழுதிப் பார்க்கிறேன். அந்த ஒரு கேள்வி நிஜம். மீதியெல்லாம் நான் கட்டியது.

2

எங்கே தொடங்குவது?

மோரியோ வாசலில் பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தபோது மண்வாரி கையிலிருந்து நழுவி

வேண்டாம். நோயில் தொடங்கினால் கடைசிவரை அவரை நோயாளியாகவே பார்ப்பீர்கள்.

நோஷிரோ ஊரின் மரம் அறுக்கும் ஆலையில் காலமெல்லாம் உழைத்த மோரியோவுக்கு உப்பில்லாமல் சோறு இறங்காது. உப்பு மீன், அதற்குத் தொட்டுக்கொள்ள புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய், இரண்டையும் கழுவி இறக்க மிசோ என்கிற சோயா விழுதுச் சாறு

இதுவும் வேண்டாம். உப்பில் தொடங்கினால் பழி சமைத்தவள் தலையில் விழும். அந்த வேலையை அவள் தங்கை தொமி ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருக்கிறாள். "அத்தானை உப்புல ஊறப்போட்டு ஊறுகாய் ஆக்கினதே நீதானேக்கா" என்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாலு பேர் கேட்கச் சொன்னவள் அவள்.

சரி, பெயரில் தொடங்குகிறேன்.

அவள் பெயர் ஃபுகி. ஃபுகி என்பது இந்தப் பக்கத்து ஓடைக்கரையெல்லாம் வசந்தத்தில் முளைக்கிற ஒரு செடி. குடை மாதிரி இலை, முழங்கை நீளத் தண்டு. தண்டை வேகவைத்து நார் உரித்து, பொரித்த டோஃபுவோடு சேர்த்துச் சமைப்பார்கள். அது முளைக்கிற பருவத்தில் பிறந்ததால் அப்பா அந்தப் பெயரையே வைத்துவிட்டார்.

(அடைப்புக்குறிக்குள் ஒன்று சொல்லவேண்டும். இங்கே எழுத்து இரண்டு வகை. ஒன்று நம்முடையதுபோல ஒலியைக் குறிப்பது. மற்றது பொருளைக் குறிப்பது: கடலுக்கு ஓர் எழுத்து, பனிக்கு ஓர் எழுத்து, உப்புக்கு ஓர் எழுத்து. ஃபுகிச் செடிக்கும் அப்படி ஓர் எழுத்து உண்டு. ஆனால் பெண்பிள்ளைக்கு எதற்கு அத்தனை கோடு என்று நினைத்தாரோ என்னவோ, ஃபுகியின் அப்பா அவள் பெயரை ஒலியெழுத்தில்தான் பதிந்தார்.)

3

கல்யாணமான நாளிலிருந்து மோரியோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஓய்" என்பார். தேநீர் வேண்டும் என்றால் ஓய். குடையைக் காணோம் என்றால் கொஞ்சம் நீட்டி ஓஓய். முதல் பனி விழுந்த காலையில், வந்து பார் என்பதற்கு மெதுவாக ஒரு ஓய். அவளும் அவர் பெயரைச் சொன்னதில்லை. மகள் பிறந்த பிறகு, இந்த ஊர்ப் பெண்கள் எல்லாரையும்போல, மகளின் வாயால் அவரை "அப்பா" என்றே அழைத்தாள். மகள் செண்டாய் நகருக்குக் குடிபோன பின்னும் அதுவே நின்றுவிட்டது.

மூன்று வருடம் முன்பு, தை மாதக் குளிரில், அவருக்குப் "பட்டுவிட்டது". பக்கவாதத்தை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், எங்கிருந்தோ எறிந்த கல் வந்து பட்டதுபோல. மூளையின் இடப்பக்க ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக் கட்டி அடைத்துக்கொண்டது. தொடை வழியாக மெல்லிய குழாயைத் தலைவரை செலுத்தி, ஒரு சின்னக் கம்பிவலையால் அந்தக் கட்டியைக் கவ்வி வெளியே இழுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, நடை தப்பியது. வலது கையும் பேச்சும் போயின.

முதல் வாரத்திலேயே ஒரு வார்த்தை திரும்பி வந்தது.

"ஓய்."

ஃபுகி கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கேட்டியா தொமி? என்னைக் கூப்பிடறாரு! என்னைத்தான்!"

மோரியோ கஞ்சிக் கரண்டியைப் பார்த்தார். "ஓய்" என்றார். ஜன்னலுக்கு வெளியே விழுந்த பனியைப் பார்த்து, ஓய். ஊசி போட வந்த செவிலிக்கும் ஓய். தொலைக்காட்சிக்கும் ஓய்.

முன்பு அந்த வார்த்தை ஃபுகி ஒருத்தியின் சொத்து. பெயர் இல்லாமல் போனாலும் அது இருந்தது. இப்போது அது உலகத்துக்கே பொதுவாகிவிட்டது. அவளுக்கென்று அவர் வாயில் எதுவும் மிச்சமில்லை.

4

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் கொமத்சு-சான் (சான் என்பது பெயருக்குப் பின்னால் சேர்க்கும் மரியாதை ஒட்டு) நாற்பது வயதுக்காரர், நிதானமானவர். படஅட்டைகளை வைத்துப் பழக்குவார்.

"வீட்ல உங்கள எப்படிக் கூப்பிடுவாருன்னு சொல்லுங்கம்மா. அவர் வாயில பழகின வார்த்தையா இருந்தா சீக்கிரம் வரும். அதுக்குன்னு தனி அட்டை செஞ்சிடலாம்."

ஃபுகியின் காதுமடல் சிவந்தது.

"பேர் சொல்லித்தான். ஃபுகின்னு."

அப்படியே அட்டை தயாரானது. மேலே அவள் புகைப்படம், கீழே ஒலியெழுத்தில் அவள் பெயர்.

(இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இவள் பொய் சொல்கிறவளா? சந்தையில் சில்லறை கூட வந்தால் திருப்பிக் கொடுக்கிறவளாகத்தான் என் மனதில் இருந்தாள். கடைசியில் எனக்குப் பட்டது இது: அவள் பொய் சொல்லவில்லை, விண்ணப்பம் போட்டாள். நீங்கள் வேறு மாதிரி நினைத்தால் அதுவும் சரிதான்.)

அவருக்குப் பட்ட மூன்றாவது வருடம் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு புது ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. மூளையின் ஒரு பக்கம் அடிபட்டால், மறுபக்கம் சில சமயம் அளவுக்கு மீறிச் சத்தம் போட்டு, பிழைத்திருக்கும் பேச்சையும் எழவிடாமல் அமுக்கிவிடுகிறதாம். எட்டு வடிவத்தில் வளைத்த ஒரு சுருளைத் தலைமேல் வைத்து, 'டக் டக் டக்' என்று காந்தத் துடிப்பு கொடுத்து அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் அடக்கினால், அடிபட்ட பக்கம் தலைதூக்குமா என்று பார்க்கிறார்கள். அது முடிந்த கையோடு பேச்சுப் பயிற்சி.

ஃபுகி இதைத் தொமிக்குத் தன் வழியில் விளக்கினாள். "நீ இருக்கிற இடத்துல நான் வாயைத் திறக்க முடியுதா? உன் வாயைக் கொஞ்ச நேரம் பொத்தினா நான் பேசுவேன். அவ்வளவுதான்டி விஷயம்."

"என் வாயைப் பொத்த காந்தம் பத்தாதுக்கா."

இதில் இன்னொன்றும் உண்டு. ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் நிஜத் துடிப்பு. மற்றவர்களுக்குச் சத்தம் மட்டும். யாருக்கு எது என்று ஆராய்ச்சி முடியும்வரை சொல்லமாட்டார்கள். மோரியோவுக்கு எது கிடைத்தது? எழுதுகிற எனக்கும் தெரியாது.

சில வாரம் போயிற்று. மோரியோ படித்தார். ஆமாம், படித்தார். கடலுக்கான எழுத்தைக் காட்டினால் "கடல்". பனிக்கான எழுத்துக்குப் "பனி". உப்புக்கு "உப்பு", அதையும் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு. பொருளெழுத்துகள் அவரைவிட்டுப் போகவில்லை. ஒலியெழுத்துகள்தான் ஒன்றுவிடாமல் போயிருந்தன. பள்ளிப்பிள்ளை முதலில் கற்கும் எளிய எழுத்துகள் அவை. அதனால் ஃபுகியின் அட்டை வரும்போதெல்லாம் அவர் அவள் படத்தைப் பார்ப்பார், கீழே உள்ள எழுத்தைப் பார்ப்பார், நெற்றி வேர்க்கும். பிறகு தோற்றுப்போய், "ஓய்."

ஒருநாள் தொமியும் அறைக்குள் வந்திருந்தாள். அட்டையைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தாள்.

"பேரா? அத்தானா? பக்கத்து வீட்டு நாயைக்கூட பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. இவளை என்னிக்குக் கூப்பிட்டாரு? ஓய்தான் இவ பேரே!"

கொமத்சு-சான் ஃபுகியைப் பார்த்தார். "அப்ப இந்த வார்த்தை அவர் வாயில புழங்கினதே இல்லையாம்மா?"

ஃபுகி மடியில் இருந்த கைக்குட்டையை நான்காக மடித்தாள். "மனசுல புழங்கியிருக்கலாம் இல்லையா?"

கொமத்சு-சான் அட்டையின் வெற்றுப் பக்கத்தைத் திருப்பினார். பிறகு, "பொருளெழுத்துல எழுதிப் பார்க்கலாமா? அதை அவர் படிச்சிடுவாருன்னு தோணுது."

"வேண்டாம். அந்த எழுத்துல எழுதினா தண்டைத்தான் படிப்பாரு. என்னை எங்க படிக்கிறாரு?"

5

இத்தோடு நின்றிருந்தால் இது வெறும் ஏக்கக் கதை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் மகள் ஃபுகியை வற்புறுத்தித் தலைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். இந்த நாட்டில் வயசானவர்கள் ஒரு வலியும் இல்லாமலே போய்த் தலையைப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். வலி இல்லாத ஃபுகியின் தலையில் ஒன்று இருந்தது. ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் முனையில், சுவர் மெலிந்து, ஒரு பட்டாணி அளவுக்குப் புடைத்திருந்தது.

மூளை ரத்தக்குழாய் வைத்தியம் பார்க்கும் நரிதா டாக்டர் அவளுடைய குழாயை அப்படியே கணினியில் வார்த்து, ரத்தம் எங்கே வேகமாக மோதுகிறது, எங்கே சுழல்கிறது என்று நிறம் நிறமாகக் காட்டினார். புடைப்பின் உச்சியில் ஒரு சிவப்பு. முன்பெல்லாம் மண்டையைத் திறக்கவேண்டும். இப்போது கை மணிக்கட்டு வழியாகவே போய், முடியைவிட மெல்லிய கம்பியால் பின்னிய ஒரு சின்னக் கூடையை அந்தப் புடைப்புக்குள் வைத்துவிடலாம். உள்ளே போகும் ரத்தம் தேங்கி உறைந்துவிடும். புடைப்பின் வாயில் புதுச் சுவர் படர்ந்து மூடிக்கொள்ளும்.

"சும்மா விட்டா?"

"நிறையப் பேருக்கு ஒண்ணும் ஆகாம காலம் ஓடிடும். உடைஞ்சா ரொம்ப மோசம். உங்களுக்கு உடையுமா உடையாதான்னு சொல்ற கணக்கைத்தான் நாங்க இன்னும் தேடிக்கிட்டிருக்கோம். என்னைக் கேட்டா வெச்சிடலாம்னு சொல்வேன்."

"வைக்கும்போது ஏதாவது ஆச்சுன்னா?"

"சிலருக்கு ஆகும். நூத்துல சில பேருக்கு. கை கால் பலம் குறையலாம். பேச்சு..."

"பேச்சுமா?"

"அதுவும் நடக்கலாம்."

ஃபுகி வீட்டுக்கு வந்தாள். மோரியோ எந்த ஓய்க்கு என்ன கேட்கிறார் என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தாகத்தின் ஓய் வேறு, முதுகு அரிக்கிற ஓய் வேறு, பயத்தின் ஓய் வேறு. அவள் பேச்சும் போய்விட்டால் அவரை யார் மொழிபெயர்ப்பது?

அதனால் அவள் தனக்குள் ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டாள். அதைத் தொமிக்குச் சொல்லவில்லை, டாக்டருக்குச் சொல்லவில்லை, எனக்கு மட்டும் சொன்னாள். அவர் ஒரே ஒருமுறை என் பேரைத் தானாகச் சொல்லட்டும். அது என் காதில் இருந்தால் போதும், கூடை வைக்கப் படுத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் இப்படியே இருந்துவிடுகிறேன்.

(இது அசட்டு நிபந்தனை என்று எனக்கும் தெரியும். மருத்துவத்தை ஒரு வார்த்தைமேல் பந்தயம் கட்டலாமா? அந்த வரியைப் பலமுறை எழுதி எழுதி அடித்தேன். அடிக்க அடிக்க அவள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். விட்டுவிட்டேன்.)

6

மே மாதம். பயிற்சி முடிந்து இருவரும் வெளியே வந்தார்கள். எதிரே கடை. மற்றக் கடைகளில் காய்கறிப் பெயரை ஒலியெழுத்தில் கிறுக்கி வைத்திருப்பார்கள். இந்தக் கடைக்காரருக்குத் தூரிகை பிடிக்கத் தெரியும்போல. ஒரு பலகையில் கறுப்பு மையில் கொழுக்கப் பெரியதாக ஒரே ஒரு பொருளெழுத்து.

மோரியோ நின்றார். உதடு குவிந்தது.

"ஃபுகி."

தெளிவாக. காற்றுப் பிசிறாமல். ஃபுகியின் கால் அந்த இடத்திலேயே நின்றுபோயிற்று. சொன்ன பிறகு அவர் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா, அவளைத் திரும்பிப் பார்த்தாரா? அவளுக்குப் பிடிபடவில்லை. சட்டைக்கையைப் பிடித்து உலுக்கினாள்.

"இப்ப நீங்க சொன்னது என்னையா, தண்டையா?"

(நான் பேருந்தில் ஏறிப்போனது இந்த இடத்தில்தான்.)

மோரியோ அவளைப் பார்த்தார். யோசித்தார். "ஓய்" என்றார்.

"ஐயா கரெக்டா படிச்சிட்டாரே! இந்தக் காலத்துப் பசங்களுக்கு இந்த எழுத்தே தெரியல" என்றார் கடைக்காரர். "எத்தனை கட்டு தரட்டும்மா?"

முடிவு ஒன்று எழுதினேன். அவர் அவளைத்தான் சொன்னார். ஃபுகி அன்று மாலையே நரிதா டாக்டருக்குத் தொலைபேசியில் சரி என்றாள். எழுதி, படித்து, மூடிவைத்தேன். ஒரு காய்கறிப் பலகை வந்து அத்தனை வருட ஏக்கத்தைத் தீர்த்துவைக்கும் என்றால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

முடிவு இரண்டு. அவர் தண்டைத்தான் சொன்னார். ஃபுகி ஒரு கட்டு வாங்கிவந்து, விரல் கறுக்க நார் உரித்து, உப்புக் குறைத்துச் சமைத்து வைத்தாள். டாக்டரிடம் வேண்டாம் என்றாள். வருடா வருடம் படம் மட்டும் எடுத்துக்கொண்டாள். இதையும் மூடிவைத்தேன். அவளைத் தண்டிக்க நான் யார்?

முடிவு மூன்று. ஒரு விடியற்காலையில் ஃபுகி தலையைப் பிடித்துக்கொண்டு அடுக்களைத் தரையில் சரிந்தாள். மோரியோ இடது கையால் தொலைபேசியை எடுத்தார். ஆம்புலன்ஸ்காரர் எந்த இடம் என்று கேட்டார். மோரியோ வாயைத் திறந்து, ஓய், ஓய்

இல்லை. இதை எழுதி முடிக்க என்னால் ஆகாது. ஆனால் எனக்குத் தோன்றியது ஃபுகிக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? பலகையைப் பார்த்த அன்றிரவு, வாங்கிவந்த தண்டின் கறி ஆறிக்கொண்டிருந்தபோது அவள் நினைத்தது இதைத்தான். பேச்சு போய்விட்டால் அவரை மொழிபெயர்க்க ஆளில்லை. அவளே போய்விட்டால் அவர் உதவிக்குக் கூப்பிடவும் வழியில்லை. நிபந்தனையின் மறுபக்கத்தை அதுவரை அவள் புரட்டிப் பார்த்திருக்கவில்லை.

7

நரிதா டாக்டரின் அறை. மூன்று நாற்காலி. ஃபுகி, மோரியோ, கூப்பிடாமலே வந்த தொமி.

"யோசிச்சீங்களா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணு கேக்கணும். பேச்சு போனா எல்லா வார்த்தையும் ஒண்ணாப் போகுமா?"

"ஆளுக்கு ஆள் மாறும். பலருக்குப் பேருங்கதான் சிக்கல். முகம் தெரியும், பேர் வராது."

"பேரா?"

"போனாப் போகட்டும் விடுக்கா" என்றாள் தொமி. "ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஓய் சொல்லிக்கிட்டு நிம்மதியா இருங்க. நடுவுல நான் பேசிக்கறேன்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஃபுகி சிரிக்கவில்லை. தன் நாக்கில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பெயர் சொல்லிச் சொல்லித் தேய்ந்திருந்தது. தங்கை பெயர் திட்டித் திட்டி. செத்துப்போன பூனையின் பெயர்கூட இருந்தது. ஒரு பெயர் மட்டும் கடையிலிருந்து வந்த துணிபோல மடிப்புக் கலையாமல் கிடந்தது. அவள் அதை ஒரு தடவைகூட உடுத்தியதில்லை. அவர் சொல்லவில்லை, சொல்லவில்லை என்று இத்தனை நாள் ஏங்கினாளே, அவள் சொன்னாளா?

போய்விடப் போகிற நாக்கு என்றால், இருக்கும்போதே சொல்லிவிடவேண்டும்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"மோரியோ-சான்."

"அக்கா!" என்றாள் தொமி, அக்கா சேலையை நழுவவிட்டதுபோல.

(சேலை இங்கே ஏது? தமிழில் எழுதும் கை அப்படித்தான் போகிறது. இருக்கட்டும்.)

மோரியோ நிமிர்ந்தார். அவர் அம்மா போன பிறகு அந்தப் பெயரை அந்த மாதிரி யாரும் சொல்லிக் கேட்டிருக்கமாட்டார். ஆலையில் குடும்பப் பெயர், வீட்டில் அப்பா. குனிந்திருந்த முதுகு நேரானது. மடங்கிய வலது கையைக்கூட இடது கையால் எடுத்து முழங்கால்மேல் ஒழுங்காக வைத்துக்கொண்டார். பிறகு, சுத்தமான குரலில் சொன்னார்:

"உள்ளேன்."

(அவர்கள் மொழியில் அது ஒற்றைச் சொல். வகுப்பில் வாத்தியார் பெயர் வாசித்தால் பிள்ளைகள் சொல்வது. நான் முதலில் "ஆமாம்" என்று எழுதினேன். அடித்தேன். "என்ன" என்று எழுதினேன், அதையும் அடித்தேன். நம் பள்ளிக்கூடத்தில் நாம் சொன்னது நினைவுக்கு வந்த பிறகுதான் கை நின்றது.)

தொமிக்கு முதல்முறையாகப் பேச்சு வரவில்லை.

"மோரியோ-சான்" என்றாள் ஃபுகி மறுபடி.

"உள்ளேன்."

"மோரியோ-சான்."

"உள்ளேன், உள்ளேன்" என்றார் அவர், எத்தனை தரம்தான் கேட்பாய் என்கிற பழைய எரிச்சலோடு. அந்த எரிச்சலைக் கேட்டு மூன்று வருடமாகியிருந்தது. ஃபுகி அழுதுகொண்டே சிரித்தாள்.

நரிதா டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். காந்தம் வேலை செய்ததா என்று அவரிடம் கேட்டால் அவரும் உதட்டைத்தான் பிதுக்குவார். ஆழப் பழகிய சில சொற்கள் இப்படித் தாமாக வெளிவருவது உண்டு என்பார். அதற்கு மேல் இன்னும் தேடவேண்டும் என்பார்.

ஃபுகி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"தேதி குடுங்க டாக்டர்."

8

இதற்கு மேல் நான் எழுதவில்லை. கூடை சரியாக உட்கார்ந்ததா, கண் விழித்ததும் ஃபுகி முதலில் என்ன சொன்னாள், மோரியோ அவள் பெயரை என்றைக்காவது சொன்னாரா என்று கேட்பீர்கள். கேளுங்கள். கேட்டுக்கொண்டே வீட்டுக்குப் போங்கள். உங்களில் யாராவது அந்த ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து காத்திருந்தவராக இருப்பீர்கள். என்னைவிட நன்றாக நீங்கள் எழுதுவீர்கள். ஃபுகிக்கு நல்லதாக எழுதுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அவள்மேல் ஆசை வந்துவிட்டது.

நேரமாகிவிட்டது, எழுந்திருங்க. பார்த்துப் போங்க. உங்க வீட்டில் எந்த அறையிலிருந்து யார் யாரைக் கூப்பிட்டாலும், கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் பதில் குரல் வந்து சேரட்டும். குழந்தைகுட்டிகளோடு, பெரியவர்களோடு, எல்லாரும் நல்லா இருங்க.